முன்னாள் மாணவர் சங்கம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர் அவர்களுக்கும், பொங்கலுக்கு ஊர் வந்த கையோடு இந்தப் பொதுக்குழுவுக்கும் வந்து உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் என் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நூலகத்துக்கு இரண்டு பீரோ வாங்கியதும், வடக்குக் கட்டடத்துக்கு வெள்ளையடித்ததும் அதில் வரும். சென்ற காணும் பொங்கலன்று நடந்த பொதுக்குழு எனக்கு இட்ட வேலை ஒன்றுதான்: பள்ளியின் விளையாட்டை ஒழுங்குபடுத்தக் கூட நில்லுங்கள் என்பது. அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதி மைதானத்தைப் பற்றியே இருக்கும்.

நாற்பது ஆண்டுகள் அந்த மைதானத்தின் கேட்டைத் திறந்து பூட்டிய நம் காவலர் தாத்தா ஆடி மாதம் காலமானார். வலையை மழைக்கு முன் அவிழ்த்து மடித்து வைப்பது யார் வேலை என்ற கேள்வியே அவர் இருந்தவரை நம் யாருக்கும் எழுந்ததில்லை. அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

ஆண்டின் முதல் நல்ல செய்தி டெல்லியிலிருந்து வந்தது. பொதுக்குழு முடிந்த மூன்றாம் நாள், ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. முதல் கோ-கோ உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். நம் பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேர் ஒரே வீட்டுத் திண்ணையில் ஒரு செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். இந்தியப் பெண்கள் நேபாளத்தை 78-40 என்று வென்றார்கள். அன்றே ஆண்கள் அணியும் 54-36 என்று வென்றது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, கூப்பிடாமலே, புதிதாக ஏழு பிள்ளைகள் மைதானத்தில் நின்றார்கள் என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னார். அந்த ஏழு பேரில் மூன்று பேர் இன்னும் வருகிறார்கள். மற்ற நான்கு பேர் ஏன் நின்றுவிட்டார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு இந்த ஆண்டு முழுக்க ஆனது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆசிரியரோடு உட்கார்ந்து, முந்தைய ஆண்டு யார் யார் எந்தப் போட்டிக்குப் போனார்கள் என்று பதிவேட்டைப் புரட்டினோம். கோ-கோ, கைப்பந்து, தடகளம், எறிபந்து என்று தாள் மாறுகிறது, பெயர்கள் மாறவில்லை. அதே முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள். மீதிப் பிள்ளைகள் விளையாட்டுப் பாடவேளையில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து அறிவியல் நோட்டு எழுதுகிறார்கள். நாமும் அந்த முப்பத்தைந்து பேருக்குத்தான் ஆண்டுதோறும் ஜெர்சி எடுத்தோம், கோப்பை கொடுத்தோம், படம் பிடித்தோம். கோப்பை கொடுத்ததில் தவறில்லை. ஆனால் ஒரு பள்ளியின் விளையாட்டு என்பது அதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்ததற்கு வருந்துகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நானும் அந்தப் புங்கமரத்தடிப் பிள்ளைதான்.

அரசின் மகிழ் முற்றம் திட்டத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாக ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். அந்த ஐந்தையும் அப்படியே விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டோம். தலைமையாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து வகுத்த விதி இது: வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை குழுப் போட்டி, பள்ளி அணியில் இருக்கிற பிள்ளை அதில் ஆடக் கூடாது. அவர்கள் நடுவராக நிற்கலாம், கோடு போடலாம், சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரலாம். 400 மீட்டரை ஓடியோ நடந்தோ முடிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் குழுவுக்காக ஒரு புள்ளி. முதலில் வந்தால் ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு சூரனை வைத்திருக்கிற குழுவை, சாதாரணப் பிள்ளைகள் பத்துப் பேர் இறங்குகிற குழு வென்றுவிடும். முதல் மூன்று வாரம் பள்ளி அணிப் பிள்ளைகளுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. நான்காம் வாரம் நெய்தல் குழுவுக்கு நடுவராக நின்ற பிளஸ் 1 மாணவன் ஒருவன், ஆறாம் வகுப்புப் பொடியனிடம் முட்டி போட்டு உட்கார்ந்து, "டேய், உக்காந்திருக்கவன் எந்திரிச்ச பிறகு கோ குடுக்காத, குடுத்த பிறகு அவன எந்திரிக்கச் சொல்லு" என்று முதுகைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

இனி, நின்றுவிட்ட அந்த நான்கு பேர்.

ஒருவனுக்குப் பசி. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வந்தால், டீத்தண்ணியோடு வந்து மதியச் சத்துணவு வரை தாங்க வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பயிற்சிக்கு வருகிற எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் கொடுக்கிறோம். வட்டம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சுண்டல் அவிக்கிற பொறுப்பை மேலத்தெரு மகளிர் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் இரவே ஊறப்போடுகிற அவர்களுக்கு இந்தச் சபை நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொரு பிள்ளைக்குப் பிறந்த தேதி. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை, கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று போகிற பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. 2025-26 கல்வியாண்டில் 14 வயதுப் பிரிவுக்கு 2012 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். நம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 2011 டிசம்பர் 31 அன்று பிறந்தவள். ஒரே நாள் வித்தியாசத்தில், பிளஸ் 1 படிக்கிற அக்காமாரும் ஆடக்கூடிய 17 வயதுப் பிரிவுக்குப் போய்விட்டாள். எனக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுங்கிவிட்டாள். விதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் அவளை மாற்று வீராங்கனையாகச் சேர்த்து, ஓடவிட்டு, பயம் தெளியவைக்க முடிந்தது. இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு முதலெழுத்து, எமிஸ் எனப்படும் கல்வித்துறையின் இணையதள மாணவர் பதிவில் வேறு முதலெழுத்து. கடைசி நாளில் அலைய முடியாமல் பெயரை அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கமாக இருந்தது. இந்த முறை ஜூலையிலேயே சங்க உறுப்பினர்கள் இருவர் ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் சரிபார்த்துத் தகுதிப் படிவத்தை நிரப்பித் தந்தார்கள். சான்றிதழ் கோளாறால் இந்த ஆண்டு ஒரு பிள்ளையின் பெயரும் விடுபடவில்லை. இந்த அறிக்கையில் எனக்கு மிகவும் நிறைவு தருகிற வரி இது.

மூன்றாவது பிள்ளை பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு என்ற சொல்லுக்கு மேல் வீட்டில் பேச்சில்லை. அதை நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினோம். பிளஸ் 1 பொதுத்தேர்வு இந்தக் கல்வியாண்டு முதல் இல்லை என்று ஆனதால், பல ஆண்டுகளுக்குப் பிறகு 19 வயதுப் பிரிவுக்கு முழு அணி கிடைத்தது.

நான்காவது பிள்ளையின் வீட்டுக்கு நானே போனேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "ஏந் தங்கச்சி, வயசுக்கு வந்த புள்ள. எட்டுப் பேரு பாக்க அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஓடணுமா? சட்டையக் கூட எங்க மாத்துவா, சொல்லு?" என்றார். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதுக்கு இல்லை. மைதானத்துப் பக்கம் பெண்பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை இல்லாமலே நாம் இத்தனை ஆண்டுகள் கோப்பை கொடுத்திருக்கிறோம். மைதானத்து ஓரமிருந்த பழைய பொருள் அறையைக் காலிசெய்து, தாழ்ப்பாள், விளக்கு, கண்ணாடி, தண்ணீர்க் குழாய் போட்டு, சரஸ்வதி பூஜைக்கு முன்னால் சாவியை மாணவத் தலைவியிடமே கொடுத்தோம். பெண்பிள்ளைகளுக்கு முழுக்கால் டிராக் பேன்ட் எடுத்தோம். மாலைப் பயிற்சி ஐந்தரைக்கு முடிந்துவிடுகிறது. தூரத்துத் தெருப் பிள்ளைகளோடு முன்னாள் மாணவி ஒருவர் வீடுவரை நடக்கிறார். அந்த அம்மா இப்போது மகளை அனுப்புகிறார். தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் மழைவிட்ட சாயங்காலத்தில் கேட்டுக்கு வெளியே நின்று அவரே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை.

தவறு நடந்ததையும் சொல்ல வேண்டும். குறுவட்டப் போட்டியின் முதல் நாள், 14 வயதுப் பெண்கள் கோ-கோ அணி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. எதிரணிக்கு ஆடாமலே வெற்றி கொடுத்துவிட்டார்கள். ஏழு மணிப் பேருந்தை நம்பி வேன் பேசாமல் விட்டது சங்கம், அதாவது நான். சின்னப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், முந்தின இரவே துவைத்துக் காயவைத்த சட்டையோடு நிறுத்தத்தில் நின்றார்கள். முழங்காலில் ஒட்டிய பிளாஸ்டரைப் பிய்த்துக்கொண்டே, "அக்கா, நாங்க தோக்கக்கூட இல்லையே" என்று ஒருத்தி கேட்டாள். அன்றிலிருந்து எந்தப் போட்டிக்கும் முதல் நாள் மாலையே வண்டிக்காரரிடம் முன்பணம் கொடுத்து உறுதிசெய்துவிடுகிறோம். 17 வயதுப் பெண்கள் குறுவட்டத்தில் வென்று வருவாய் மாவட்டப் போட்டியில் அரையிறுதிவரை போனார்கள். தடகளத்தில் நீளம் தாண்டுதலில் ஒரு மாணவன் மாவட்டத்தில் இரண்டாமிடம். அக்டோபர் நடுவில் மழை பிடித்ததும் மைதானம் வழக்கம்போல் குளம். தெற்குப் பக்கம் மட்டும் மண் அடித்து உயர்த்தியதால் கோ-கோ களம் தப்பியது.

அக்டோபர் மாதம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் நம் பக்கத்து வடுவூர் அபினேஷ். அதன்பிறகு பிள்ளைகள் கபடி கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் உறுப்பினர்கள் சிலர் மேட் வாங்கித் தருகிறோம் என்று முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் மனசு பெரியது. ஆனால் இந்த ஆண்டு மேட் வேண்டாம் என்பது என் கருத்து. அதை விரித்து வைக்கக் கூரை நம்மிடம் இல்லை. அந்தப் பணத்தில் இரண்டு ஆண்டு சுண்டலும் முட்டையும் போடலாம். மண்ணைக் கொத்தி, சலித்து, நல்ல களமாக்கித் தருவோம். சபை வேறு மாதிரி முடிவெடுத்தால் கட்டுப்படுகிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் விளையாட்டு ஒதுக்கீடு பற்றிக் கேட்டார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு, அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு என்று எடுத்துச் சொன்னோம். அதுவரை போகிறவர்கள் நம்மில் மிகச் சிலர் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். சீட்டுக்காக மட்டும் அனுப்பினால், சீட்டு கிடைக்காத அன்றைக்கே பிள்ளையை நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 7 சனிக்கிழமை பள்ளி விளையாட்டு விழா. 200 மீட்டர் தடம் போட ஆள் வேண்டும். சென்ற ஆண்டு ஆசிரியர் ஒற்றை ஆளாக நடுவில் முளையடித்து, கயிறு நீளும் என்பதால் இரும்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்த முதுகோடு அரைவட்டம் போட்டார். வெளித்தடத்தில் நிற்கிற பிள்ளை ஏன் முன்னால் நிற்கிறான் என்று சின்னவர்கள் சண்டை பிடித்தபோது, கணித ஆசிரியர் பத்தாம் வகுப்பையே மைதானத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். தடத்தின் அகலம் 1.22 மீட்டர், இரண்டு பை பெருக்கல் 1.22, ஒரு முழுச் சுற்றுக்குத் தடத்துக்குத் தடம் சுமார் 7.66 மீட்டர் கூடுகிறது. பிள்ளைகளே அளந்து சரிபார்த்தார்கள்.

சுண்ணாம்பு நான்கு மூட்டை வந்து இறங்கிவிட்டது. பிப்ரவரி 6, வெள்ளி மாலை நான்கு மணிக்கு வேலை தொடங்கும். ஊரில் இருக்கிறவர்கள் மண்வெட்டியோடும், குனிந்து நிமிரக்கூடிய முதுகோடும் வந்து சேருங்கள். மைதானச் சாவி இனி யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும், வலையை மடிக்கும் பொறுப்பையும் இன்றே முடிவுசெய்து தருமாறும், இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறும் சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்