அயனி மரத்தை வெட்டியாச்சு

அன்பு மக்களே,

போன வாரம் நீ போனில் கேட்டபோது, "மரம் நல்லா நிக்குது" என்று உன் அப்பா சொன்னது பொய். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது குளக்கரையில் நீ நட்ட அயனியை வெட்டியாச்சு. வெட்டச் சொன்னது நான்தான். அவருக்கு மனசில்லை. குலசேகரத்தில் வேலை இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிப் போனவர், இருட்டின பிறகுதான் வந்தார்.

ஐப்பசி மழையில் குளம் மறுகால் வரை நிறைந்து கிடந்தது. கீரை பறிக்கப் போனேன். கரையின் வெளிப்பக்க அடியில் காலில் சில்லென்று பட்டது. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், தெளிந்த தண்ணீராக வந்தால் பயமில்லை. டம்ளரில் பிடித்துவைத்துப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் அடியில் செம்மண் படிந்துவிட்டது. கரை உள்ளுக்குள்ளேயே கரைந்து வருகிறது. நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே அயனி.

வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும் என்றுதானே அன்றைக்கு நாமெல்லாம் சொன்னோம்? பிடிப்பது புல்லின் வேர். மர வேர் பட்டுப்போய் மக்கினால், அந்த இடத்தில் தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி. காற்றும் இருக்கிறது. 2017-இல் ஒக்கி புயல் அடித்த மறுநாள், நம் ரப்பர் மரங்கள் வேரோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு கிடந்ததை நீயும் பார்த்தாயே. கரையில் நிற்கும் மரம் அப்படிச் சாய்ந்தால், தண்ணீர் முழுக்கக் கீழ்வயலுக்குத்தான் போகும். அங்கே கும்பப்பூ நெல் நிற்கிறது.

வெட்டினால் மட்டும் போதவில்லை. மடையைத் திறந்து தண்ணீரைப் பாதிக்கு இறக்கி, தூரைத் தோண்டி, வேரை எடுத்தோம். பள்ளத்தை ஒரே நாளில் மூடித் தருகிறேன் என்றார் ஜேசிபிக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, கட்டையால் இடித்து ஏற்றினோம். மூன்று நாள் ஆனது, கூலியும் கூடத்தான். மேலே அருகம்புல் பதித்திருக்கிறேன்.

மீன்தான் பாவம். தண்ணீர் குறைவு, வானமும் மூட்டம். இரண்டாம் நாள் விடியக்காலை கட்லா எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மோட்டாரைப் போட்டு, குளத்துத் தண்ணீரையே எடுத்துக் குளத்திலேயே பீய்ச்சி அடித்தோம். அப்படியும் ஏழெட்டு போயிற்று. நீர்க்காகங்களுக்கு நல்ல விருந்து.

உன் மீன்கொத்தி அயனிக் கொப்பில்தானே உட்காரும்? தண்ணீருக்குள் ஒரு மூங்கில் நட்டு வைத்தேன். நாலு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று வந்தது.

தடியை அறுக்கக் கொடுக்கலாம் என்றால் அப்பா தொட விடமாட்டேன் என்கிறார், மாட்டுத் தொழுத்துப் பக்கம் கிடக்கிறது. அடுத்த தடவை பேசும்போதும் மரம் நல்லா நிக்குது என்றுதான் சொல்வார். நீ சரி என்று கேட்டுக்கொள்.

அம்மா