பட்டாணியை வைத்தவரை யார் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில், இளவரசியும் பட்டாணியும் கதையை இக்காலத்துக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டிருந்ததை வாசித்தேன். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1835-இல் வெளியிட்ட அக்கதையில், 20 மெத்தைகளுக்கும் அவற்றின் மேல் விரித்த 20 இறகுப் படுக்கைகளுக்கும் அடியில், சோதித்துப் பார்க்க ராணி வைத்த ஒற்றைப் பட்டாணி உறுத்தித் தூக்கமின்றித் தவித்த, மழையில் நனைந்து வந்த பெண்ணை, அந்த மென்மை ஒன்றையே சான்றாகக் கொண்டு உண்மையான இளவரசி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். (பாயில் படுக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அடியில் சிறு கல் கிடந்தாலும் முதுகில் தெரியும், அதற்கு அரச குலம் தேவையில்லை.) தாங்கள் வெளியிட்ட வடிவத்தில், எளிதில் மனம் நோகும் சிறுமி ஒருத்தி, எதையும் பெரிதுபடுத்தக் கூடாது என்று கற்றுக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறாள். குலப் பெருமையை நீக்கியது நல்லதே. ஆனால் மாற வேண்டியவள் அந்தச் சிறுமிதான் என்று முடித்ததை என்னால் ஏற்க இயலவில்லை. பட்டாணியை வைத்த ராணியிடம் இரண்டு கதைகளிலும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பென்னாகரம் வட்டாரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் நான் மூலக் கதையை வகுப்பில் சொன்னபோது, "மழையில நனைஞ்சு வந்தவங்களுக்குத் தலை துவட்டத் துண்டு குடுக்காம, எதுக்கு டீச்சர் பட்டாணிய வெச்சாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்றுவிட, பாட்டியிடம் வளரும் பிள்ளை அவள். பக்கத்தில் இருக்கும் பையனை நான் அதட்டினால், எழுதிக்கொண்டிருக்கும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். இவளிடம் போய் எதையும் பெரிதுபடுத்தாதே என்று எந்த வாயால் சொல்வது?

இதற்கு நம்மிடமே நல்ல கதை இருக்கிறது. வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொல்லும் கதைகளுள் ஒன்றில் மூன்று அரசியர் வருகிறார்கள். ஒருத்திக்குத் தாமரை விழுந்து காயம்; ஒருத்திக்கு நிலவொளி பட்டுக் கொப்புளம்; மூன்றாமவளுக்கோ, இரவில் எங்கோ ஒரு வீட்டில் உலக்கை குத்தும் ஓசை காதில் விழுந்ததற்கே கை கன்றிவிடுகிறது. எதுவும் தன்மேல் படாமலேயே நொந்த மூன்றாமவளே மற்ற இருவரையும்விட மென்மையானவள் என்பது விக்கிரமாதித்தன் தீர்ப்பு. அந்த அரசி கன்றிய கையோடு எழுந்து, இந்நேரத்தில் உறங்காமல் குத்துவது யார் என்று பார்க்கப் புறப்படுவதாக எழுதினால், என் மாணவி அவளைத் தன் கூட்டாளியாகவே கண்டுகொள்வாள்.

அடுத்து இக்கதையைச் சிறுவர் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறும், அரசிக்குச் சந்தனம் பூசிப் படுக்க வைப்பதோடு கதையை முடித்துவிட வேண்டாம் என எழுதுபவரிடம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.