தப்பு தேதியில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி மூன்று வாரம் குறைவாகக் காட்டுகிறது' என்று பயந்து கேட்ட பெண்ணுக்கு, 'தேதிக் கணக்கு தப்பாக இருக்கும், கவலை வேண்டாம்' என்று சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு என் மகளுக்கும் இதையேதான் சொன்னார்கள். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கிராம சுகாதார செவிலியர் டேப் வைத்து வயிற்றின் உயரத்தை அளந்தார். 32-வது வாரத்தில் 32 சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டியது, 28தான் இருந்தது. ஸ்கேனில் எடை 1,300 கிராம், வளர்ச்சி 29 வாரம் என்று வந்தது. அவள் வழக்கமாகப் போகும் தனியார் மருத்துவமனையில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பழைய பிரசவத் தேதியைப் பேனாவால் அடித்து மூன்று வாரம் தள்ளி எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் சரி என்று வந்துவிட்டோம்.

அந்தச் செவிலியர்தான் விடவில்லை. மூன்றாம் மாதம் எடுத்த ஸ்கேனைத் தேடி எடுக்கச் சொன்னார். அந்த மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்குமாம். அதனால் அப்போது குறித்த தேதிதான் உறுதி, அதைப் பிற்பாடு மாற்றக் கூடாது என்றார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள். குழந்தையின் தலை ஓரளவு வளர்ந்திருந்தது, வயிற்றுச் சுற்றளவுதான் மிகவும் குறைவு. தொப்புள்கொடியில் ரத்த ஓட்டமும் சீராக இல்லை. வாராவாரம் பார்த்து, 37-வது வாரத்தில் பிரசவம் செய்தார்கள். 1,900 கிராம். இன்று என் பேத்தி தெருவெல்லாம் ஓடுகிறாள்.

உங்கள் வாசகிக்குத் தேதி உண்மையிலேயே தப்பாக இருக்கலாம். ஒரு ஸ்கேனில் சொல்லும் எடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதும் தெரியும். ஆனால் முதல் ஸ்கேன் எடுத்தாயா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிப் பதில் சொன்னீர்கள்?

1991-ல் எனக்கும் 'வயிறு சின்னதாக இருந்தால் பிரசவம் சுலபம்' என்றார்கள். ஒன்பதாம் மாதம் அசைவு நின்றுவிட்டது. அது என் தலைப்பிள்ளை. அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்கேன் கிடையாது. இன்று இருக்கிறது, ஆனால் வீட்டில் யாரும் எடை என்ன என்று கேட்பதில்லை. ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென 1994-லேயே சட்டம் வந்தும், என் சொந்தக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள். நீங்களாவது எடுத்துச் சொல்வீர்கள் என்று பார்த்தால், வளைகாப்புப் புடவைக்கு நான்கு பக்கம், இதற்கு ஒரு வரி. போன வருஷம் இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் வெளியிடவில்லை.

இந்தக் கடிதத்தையும் வெளியிட வேண்டாம். அந்தப் பெண்ணின் முகவரி உங்களிடம் இருக்கும். அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்காமல் இன்றே கூப்பிட்டு, முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அசைவு குறைந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
22 வருஷ வாசகி,
திருவாரூர் மாவட்டம்