மூன்றாம் எண் மைதானத்து நண்பர்களுக்கு

மகளிர் டென்னிஸ் தொடர் நல்லபடியாக முடிந்தது. கோப்பையை வென்றவருக்கும் வழங்கியவர்களுக்கும் மேடையிலேயே நன்றி சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இடம்பெறாத சிலருக்கு, ரசிகை ஒருத்தி எழுதும் மடல் இது.

முதல் நன்றி, தகுதிச் சுற்றில் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த அம்மாவுக்கு. பந்து போகும் திசையெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்த என்னிடம், "பந்தை விடுங்கள். ஒரு கேம் முழுக்க ஒரே வீராங்கனையின் கால்களை மட்டும் பாருங்கள்" என்றீர்கள். பார்த்தேன். எதிராளி அடிக்கும் கணத்தில் ஒரு சின்னத் துள்ளல். பிறகு குறுகிய எட்டுகள். அடித்த கையோடு நடுப்பகுதிக்கு ஓட்டம். இத்தனை காலம் தொலைக்காட்சியில் நான் பார்த்தது என்ன ஆட்டமோ!

புதுப் பந்துகள் முதலில் ஏழு கேம் முடிந்ததும், அதன்பின் ஒன்பது கேமுக்கு ஒருமுறையும் வருவது ஏன் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் அடித்துப் பழகும்போதே பந்து தேய்ந்துவிடுமாம். அதை இரண்டு கேமாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். சர்வீஸ் போடுபவர் புதுப் பந்தை உயர்த்தி எதிராளிக்குக் காட்டும்போதெல்லாம் இப்போது நானும் தலையசைக்கிறேன்.

பந்து எடுத்துப் போடும் தம்பி தங்கைகளே, வலையோரம் குனிந்து ஓடிப் பந்தை அள்ளி, துள்ளவிடாமல் தரையோடு உருட்டி மறுமுனைக்கு அனுப்புகிறீர்களே, அதைப் பார்க்கவே தனியாக டிக்கெட் வாங்கலாம். மழை விட்டதும் தரையைத் துடைத்த ஊழியர்களுக்கும் நன்றி. பெரிய துடைப்பான்களால் தண்ணீரைத் தள்ளிய பிறகு, கோடுகளை மட்டும் மண்டியிட்டுத் துண்டால் ஒற்றி எடுத்தீர்கள். நடுவர் வந்து ஷூ நுனியால் கோட்டைத் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதும், முகம் சுளிக்காமல் மறுபடியும் மண்டியிட்டீர்கள்.

அந்த மழை இடைவேளைக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். 1970-இல் ஹூஸ்டனில் பில்லி ஜீன் கிங், ரோஸி கசால்ஸ் உள்ளிட்ட ஒன்பது வீராங்கனைகள் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மகளிருக்கெனத் தனியாகப் போட்டி தொடங்கிய கதையை, பக்கத்து இருக்கை அம்மா அப்போதுதான் சொன்னார்கள். மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. 1973-இல் உருவானது. அமெரிக்க ஓபன் அதே ஆண்டில் ஆண்களுக்குச் சமமான பரிசுத் தொகையைத் தந்துவிட்டது. விம்பிள்டனுக்கு மனம் வர 2007 ஆனது. குடைக்குள் ஒண்டிக்கொண்டு, இருவரும் சேர்ந்து விம்பிள்டனைக் கொஞ்சம் வைதோம்.

வாசலில் கயிற்றைப் பிடித்து நின்ற தன்னார்வலரே, உங்களுக்கு என் தனி மரியாதை. செட்டின் முதல் கேம் முடிந்ததும் வீராங்கனைகள் உட்காராமலே பக்கம் மாறுவார்கள். அந்த நேரத்தில் யாரையும் உள்ளே விட முடியாது என்று எத்தனை பேரிடம்தான் விளக்குவீர்கள்? திட்டியவர்களுக்கும் "கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்றே பதில் சொன்னீர்கள்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்று, துண்டால் முகத்தை மூடியபடி உட்கார்ந்திருந்த வீராங்கனைக்கும் எழுதியாக வேண்டும். மறுநாள் ஒருவர் காயத்தால் விலக, 'லக்கி லூசராக' நீங்கள் பிரதான சுற்றுக்குள் வந்தீர்கள். அங்கும் தோற்றீர்கள், அதற்கு முன் மூன்றாவது செட்டை, சமநிலையை உடைக்கும் டை-பிரேக்கர் வரை இழுத்தீர்கள். அன்று என் தொண்டை கட்டியதற்கு நீங்களே பொறுப்பு. வெளியே வரும்போது ஒரு சிறுமி நீட்டிய தொப்பியில் நின்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டதையும் பார்த்தேன்.

இரட்டையர் ஆட்டத்துக்குக் கூட்டமே இல்லாதது எனக்கு வருத்தம்தான். 40-40 என்று சமமாகி டியூஸ் ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடுகிறது. மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை-பிரேக்கர். மூச்சுவிட நேரமில்லாத அந்த ஆட்டத்தைக் காலி இருக்கைகளா பார்க்க வேண்டும்?

அம்மா, உங்கள் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். இதைப் படித்தால், அடுத்த தொடரின் தகுதிச் சுற்றுக்கு வந்துவிடுங்கள். முன்வரிசையில் இரண்டு இடம் பிடித்து வைக்கிறேன். குடையும் என் பொறுப்பு.

அன்புடன்,
தொண்டை இன்னும் சரியாகாத ஒரு ரசிகை