ஒலிக்காத எழுத்துக்கும் காரணம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் ஒலிக்காத எழுத்துகளுக்குக் காரணம் தேட வேண்டாம், மனப்பாடம் செய்தால் போதும் என்று சென்ற வார மாணவர் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பிழை விடுவதும் குறைகிறது.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண், கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) என்ற சொல்லை நடுவில் 'பி' போடாமல் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்தேன். "டீச்சர், சொல்லாத எழுத்தை எதுக்கு எழுதணும்?" என்று கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தபோதுதான், 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலேயர்களும் அந்த 'பி'யைப் போடாமல்தான் எழுதினார்கள் என்று தெரிந்தது.

1066-இல் பிரான்சுப் பக்கத்து நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். ஜட்ஜ், ஜூரி, கோர்ட், பார்லிமென்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362-இல் போட்ட சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! 'டெட்'டும் பிரெஞ்சு வழி வந்த சொல்தான். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீன் படித்தவர்கள், இதன் லத்தீன் மூலச்சொல் 'டெபிட்டும்' (debitum) ஆயிற்றே என்று 'பி'யைச் செருகிவிட்டார்கள். உச்சரிப்பு மட்டும் மாறவில்லை. 'டவுட்'டுக்கும் (doubt) இதே கதை. 'ரிசீட்'டில் (receipt) ஒலிக்காமல் நிற்கும் 'p' எழுத்தும் லத்தீனைப் பார்த்துப் போட்டதுதான். ஆனால் அதே குடும்பத்துச் சொல்லான, ஏமாற்றைக் குறிக்கும் 'டிசீட்'டில் (deceit) அது இல்லை. பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? (நம்முடைய 'ரசீது' இந்த 'ரிசீட்'டிலிருந்து வந்ததல்ல, பாரசீகச் சொல். இதையும் வகுப்பில் சொல்வேன்.)

எனக்கு மிகவும் பிடித்தது 'ஐலண்ட்' (island). அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். தீவைக் குறிக்கும் லத்தீன் 'இன்சுலா'வோடு அதற்கு உறவே கிடையாது. ஆனால் பிரெஞ்சு வழி வந்த 'ஐல்' (isle) என்ற சொல்லில் 'எஸ்' இருப்பதைப் பார்த்து இதிலும் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். தவறாக நுழைந்த எழுத்து, இன்று அதை விட்டு எழுதினால் மதிப்பெண் போகிறது! இதைச் சொன்ன வகுப்பில் அதன் பிறகு ஒருவர்கூட அந்தச் சொல்லைத் தப்பாக எழுதவில்லை.

ஆகவே மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சொல்லின் கதைக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். வகுப்புக்காகக் குறித்துவைத்த நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. சரி என்றால் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திருவாரூர்.