பாதி ஆய்வு என்றால் எதில் பாதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய மருந்துகளைப் பற்றிய செய்திகளில் "இடைக்கால முடிவு வெற்றி", "பாதியிலேயே நிறுத்தப்பட்ட சோதனை" என்ற தலைப்புகளை அடிக்கடி பார்க்கிறோம். அந்த இடைக்கால ஆய்வு, அதாவது சோதனை முடியும் முன்பே அதுவரை சேர்ந்த தரவை எடுத்துப் பார்ப்பது, எந்தக் கட்டத்தில் நடந்தது என்பது மட்டும் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்வதே அந்த விவரம்தான்.

சற்றும் பயனில்லாத மருந்தும் ஒரே ஒரு சோதனையில் தற்செயலாக வென்றுவிட 5 சதவீத வாய்ப்பு உண்டு. அதே 0.05 வரம்பை (மருந்துக்குப் பயனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு இதற்குக் கீழே இருந்தால் வெற்றி) வைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தால் அது 8 சதவீதம். சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்தால் 14 சதவீதம். இதைத் தடுக்க 1977-இல் புள்ளியியலாளர் போகாக் எல்லாப் பார்வைக்கும் ஒரே கடுமையான வரம்பை வகுத்தார். ஐந்து பார்வை என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 0.016. 1979-இல் ஓ'பிரையனும் ஃப்ளெமிங்கும் தொடக்கத்தில் மிகக் கடுமையாக இருந்து போகப் போகத் தளரும் வரம்பைத் தந்தார்கள். கடைசிப் பார்வைக்கு 0.041 மிச்சமிருப்பதால் இன்று பலரும் நாடுவது இந்த முறையையே.

இதன் அருமையைக் காட்டியது மாரடைப்பில் பிழைத்த 3,837 பேரிடம் புரொப்ரனலால் மருந்தைச் சோதித்த ஆய்வு. ஏழு பார்வைகள் திட்டமிடப்பட்டிருந்தன. இரண்டாவது பார்வையிலேயே இசட் மதிப்பு (வேறுபாடு எவ்வளவு வலுவானது என்பதன் அளவு; இது பெரிதாக இருந்தால் சான்று வலுவானது) 2.24, 0.05-க்கு இணையான வழக்கமான 1.96-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஓ'பிரையன்–ஃப்ளெமிங் முறைப்படி அன்றைய வரம்பு 3.86. ஆய்வு தொடர்ந்தது. 1981 அக்டோபரில், ஆறாவது பார்வையில், 2.23 என்ற வரம்பை 2.82 கடந்த பிறகே, குறித்த காலத்துக்குச் சுமார் ஒன்பது மாதம் முன்னதாக நிறுத்தினார்கள்.

சரி, பார்வையை எப்போது வைப்பது? நோய் வந்ததா, மரணம் நேர்ந்ததா என்று எண்ணும் ஆய்வுகளில் காலண்டரும் உதவாது, சேர்ந்தவர்களின் எண்ணிக்கையும் உதவாது. கணக்கு நிகழ்வுகளில்தான். மொத்தம் 300 நிகழ்வுகள் வேண்டிய ஆய்வில் 150 நிகழ்ந்தால் அது பாதி. நோயாளிகள் அத்தனை பேரும் சேர்ந்து முடிந்திருந்தாலும் சரியே. 1983-இல் லான், டிமெட்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் தந்த செலவு முறைப்படி, தற்செயல் வெற்றிக்கு அனுமதித்த மொத்தக் கையிருப்பான 0.05-இலிருந்து ஒவ்வொரு பார்வைக்கும் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை இந்த விகிதமே தீர்மானிக்கிறது. ஓ'பிரையன்–ஃப்ளெமிங் வகைச் செலவில், இடையில் ஒரே பார்வை என்றால், கால்பங்கில் வரம்பு 0.000015, பாதியில் 0.003, முக்கால்பங்கில் 0.019. கால்பங்கில் வெற்றியைத் தேடும் பார்வை வெறும் அலங்காரம் என்பது என் கருத்து. அந்த வரம்பைத் தாண்டும் மருந்துகள் அபூர்வம். தாண்டினாலும் பக்கவிளைவுகளைப் பற்றிச் சொல்லப் போதிய தரவு அப்போது இருக்காது. தீங்கைக் கண்காணிக்க மட்டும் அவ்வளவு சீக்கிரம் பார்ப்பது நியாயம்.

திட்டமிட்ட எண்ணில் பார்வை அப்படியே அமைவதும் அரிது. தேதியை வைத்துத் தரவை வெட்டினால் 150-க்குப் பதில் 163 நிகழ்வுகள் கையில் இருக்கலாம். அப்போது பழைய 0.003-ஐப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. 163/300 என்ற விகிதத்துக்கு மறுபடி கணக்கிட்டால் வரம்பு 0.0047. நிகழ்வுகளை உறுதிசெய்யும் குழு சிலவற்றைத் தள்ளுபடி செய்து 138 ஆகிவிட்டால் 0.0019. கொரோனா காலத்தில் மாடர்னா தடுப்பூசி ஆய்வில் மொத்தம் 151 பேருக்கு நோய் வந்ததும் இறுதிக் கணக்கு, இடைப்பார்வைகள் 53-லும் 106-லும் என்று திட்டம். தொற்று வேகமெடுத்ததால் 2020 நவம்பரில் முதல் பார்வை 95-இல் நடந்தது. இறுதிக் கணக்கில் 196 பேர். செலவு முறை இதற்கெல்லாம் இடம் கொடுக்கும். ஒன்றுக்கு மட்டும் கொடுக்காது: மருந்தின் போக்கு சாதகமாகத் தெரிகிறது என்பதற்காகவே பார்வையை முன்னே இழுத்தால் 0.05 என்ற உத்தரவாதம் போய்விடும். அதனால்தான் இடையில் தரவை மருந்து பெற்றவர், பெறாதவர் என்று பிரித்துப் பார்ப்பதைத் தனியான கண்காணிப்புக் குழுவிடம் விட்டுவிட்டு, ஆய்வை நடத்துபவர்களை விலக்கி வைக்கிறார்கள்.

விளைவை அளக்க நாளாகும் ஆய்வுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. 600 பேர் தேவை; மாதம் 50 பேர் சேர்கிறார்கள்; ஒவ்வொருவருக்கும் ஆறு மாதம் கழித்தே அளவீடு. 300-வது நபர் ஆறாம் மாத முடிவில் சேர்ந்து பன்னிரண்டாம் மாத முடிவில் அளக்கப்படுவார். அதற்குள் 600 பேரும் சேர்ந்து முடிந்திருக்கும். அதன் பிறகு தரவைச் சரிபார்க்கவும் சில வாரங்கள் வேண்டும். இந்தப் 'பாதி' பார்வையால் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் தவிர்க்க முடியாது.

பயனில்லை என்று கைவிடுவதற்கான பார்வையிலும் நேரம் தவறினால் நஷ்டமே. நோயெதிர்ப்பைத் தூண்டும் புற்றுநோய் மருந்துகள் சிலவற்றில் முதல் சில மாதங்கள் இரு குழுக்களின் உயிர்பிழைப்புக் கோடுகளும் ஒட்டியே போய், பிறகுதான் பிரிகின்றன. நிகழ்வுகளில் 30 சதவீதம் வந்ததுமே பார்த்தால், கையில் இருப்பவை பெரும்பாலும் அந்த ஆரம்ப மாத மரணங்கள். நல்ல மருந்தும் தோற்றதாகத் தெரியும். இத்தகைய மருந்துகளுக்கு நிகழ்வு எண்ணிக்கையோடு குறைந்தபட்சக் கண்காணிப்புக் காலத்தையும் நிபந்தனையாகச் சேர்ப்பது நல்லது.

ஆகவே உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள்: திட்டமிட்ட மொத்த நிகழ்வுகள் எத்தனை, பார்வை நாளில் கையில் இருந்தவை எத்தனை, அன்றைய வரம்பு என்ன என்ற மூன்று எண்களையும் செய்தியில் சேருங்கள். நிறுவன அறிக்கையில் இவை இல்லாமல் போகலாம். முன்னணி மருத்துவ இதழ்கள் ஆய்வுக் கட்டுரையோடு திட்ட ஆவணத்தையும் இணைத்தே வெளியிடுகின்றன. அதில் புள்ளியியல் பகுதியைத் திறந்தால் திட்டமிட்ட எண்ணும் வரம்பும் கிடைக்கும்.

இப்படிக்கு,
மருத்துவப் புள்ளியியல் துறை வாசகர்