நான்கு பேர் ஓடும் ரிலே, மூன்று பேர் நிற்கும் படம்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுக்கும் மாணவர் விசாவுக்கும் விதி எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருச்சியில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மகள் உங்கள் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழு உதவித்தொகையில் படிக்கிறாள். 4 × 400 மீட்டர் ரிலேயில் இரண்டாவதாக ஓடுகிறாள். படிப்பும் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நன்றியை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

சென்ற மாதம் அந்த ஊரில் கார் விற்கும் ஒருவர், ரிலே பெண்கள் நால்வரையும் தன் கடை விளம்பரத்துக்குக் கூப்பிட்டார். ஆளுக்கு 400 டாலர். ரிலேயில் கைமாற்றும் குச்சியான பேட்டனைப் பிடித்துக்கொண்டு ஒரு காருக்குப் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற மூவரும் அமெரிக்கப் பெண்கள், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என் மகள் மட்டும் பல்கலைக்கழகத்தில் விதிமுறைகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். அங்கிருந்த அம்மா தன்மையாகத்தான் பேசினாராம். இது வேலை என்று கணக்கானால் அவளுடைய எஃப்-1 மாணவர் விசாவுக்கே ஆபத்து, பிறகு எங்களால் காப்பாற்ற முடியாது, வேண்டாம் என்றிருக்கிறார். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு தாளை எடுத்துக் காட்ட அவராலும் முடியவில்லை. அவர் மேல் குற்றமில்லை. நீங்கள் தெளிவாக எழுதிக் கொடுக்காததை அவர் எங்கிருந்து காட்டுவார்?

படம் எடுத்த அன்று இவளும் கூடப் போயிருக்கிறாள். ஏன் போனாய் என்று கேட்டேன். "மூணு பேரும் கூப்பிட்டாங்கப்பா, போகலேன்னா நல்லா இருக்காது" என்றாள். அவர்கள் மூவரும் காருக்குப் பக்கத்தில் நிற்க, இவள் அவர்களுடைய குளிர் கோட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறாள். (கோட்டு பிடிப்பதும் வேலைக் கணக்கில் வருமோ என்னவோ. இதை வைத்து அவள் மேல் நடவடிக்கை எடுத்துவிடாதீர்கள்.)

அந்தப் படம் எனக்கும் வந்தது. முதலில் ஓடுபவள் இருக்கிறாள், மூன்றாவதாக ஓடுபவள் இருக்கிறாள், கடைசியாக ஓடுபவளும் இருக்கிறாள். நடுவில் ஆள் இல்லாமல் பேட்டன் எப்படிக் கைமாறியதோ! ஆனால் போட்டிக்குக் கூட்டம் சேர்க்க மைதான வாசலில் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பலகையில் நான்கு பேரும் இருக்கிறார்கள், என் மகள்தான் முன்னால். அவளுக்குக் காசு தராத வரைக்கும் அவள் முகத்தை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் போலிருக்கிறது.

நான் வியாபாரி. விலை கூடக்குறைய இருக்கும், பேரம் பேசலாம், அதெல்லாம் புரியும். ஒரே பெட்டியில் வந்த நான்கு ஸ்பார்க் பிளக்கில் ஒன்றுக்கு மட்டும் விலையே கிடையாது என்றால் எனக்குப் புரியவில்லை.

2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ வழிவிட்டது. வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புக்கொண்ட சமரசத்தில் பழைய வீரர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர், இப்போது ஆடுகிறவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே தரலாம் என்று முடிவானது. உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பணத்தில் பெரும் பங்கு உங்கள் ஊர்க் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. ஓட்டக்காரிகளுக்குக் கிள்ளிக் கொடுத்தால் உண்டு. அவர்களுக்கு இந்த மாதிரி கார் கடைக்காரர்தான் கதி. 600 டாலரை எட்டும் ஒப்பந்தம் என்றால் விலை நியாயமா என்று சோதிக்கத் தனி ஏற்பாடே வைத்திருக்கிறீர்கள். என் மகளுக்கு வந்த 400 அந்தச் சோதனைக்குக்கூடத் தகுதியில்லாத தொகை.

அதே விசாவில் வளாகத்து உணவுக்கூடத்தில் வாரம் 20 மணி நேரம் தட்டு கழுவலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பயிற்சி முடிந்து வந்து இரண்டு வருடமாக அவள் அதைத்தான் செய்கிறாள், இரவு பத்து மணிக்குக் கால் வலியோடு. தட்டு கழுவினால் மாணவி, படத்துக்கு நின்றால் சட்டவிரோதமா? ஐயா, தயவுசெய்து இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இவள் ஒருத்தி கதை மட்டும் இல்லை. 2023, 2024 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர் என்று விருது வாங்கிய பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி கனடாக்காரர். அவருக்கும் இந்த விசா குறுக்கே நின்றது. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடிய காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே, 2022இல் அணி பஹாமாஸ் தீவுக்குப் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். எல்லையைத் தாண்டினால் முகத்துக்கு விலை வந்துவிடுகிறது! என் மகளின் அணி பஹாமாஸ் போகிற அணி இல்லை. வேண்டுமானால் அந்தக் கார் கடைக்காரர் திருச்சிக்கு வரட்டும், மலைக்கோட்டைக்கு முன்னால் காரை நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். விமான டிக்கெட் 400 டாலருக்குள் கிடைக்குமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பணமே இல்லை என்றால் பேசாமல் இருந்துவிடுவேன். 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை ஒப்பந்தம் முடிவதற்கு முன் வீட்டுக்கு அனுப்பியது. அதற்கு அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு அவ்வளவு! 1950களில் என்சிஏஏ தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ் காலத்தில், வீரர்களை ஊழியர் என்று சொன்னால் காயத்துக்கு நஷ்டஈடு தர வேண்டி வருமே என்று 'மாணவ வீரர்' என்ற பெயரைப் பரப்பினீர்கள். என் மகள் மைதானத்தில் ஓடுவது வேலை இல்லை, காருக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்பது மட்டும் வேலை. என்ன கணக்கோ இது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான். எஃப்-1 விசாவில் ஆடும் பிள்ளைகளும் தங்கள் பெயருக்கும் படத்துக்கும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று எழுத்தில் கொடுங்கள். வரி பிடித்துக்கொள்ளுங்கள், உச்சவரம்பு வைப்பதானால் வையுங்கள், பல்கலைக்கழகம் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் என்றாலும் சம்மதம். முடியாது என்றால் அதையாவது காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். விளம்பரத்துக்கு நிற்பதும் வேலைதான், வேலைக்கு வேறு விசா என்று சொல்வீர்கள். அந்த வாதம் எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த விசா விதிகளை எழுதிய காலத்தில் எந்தக் கல்லூரி வீரருக்கும் விளம்பரக் காசு கிடையாது. மற்றவர்களுக்கு 2021இல் விதி மாறியது, இவர்களுக்கு மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?

பதிலை ஆங்கிலத்திலேயே அனுப்பலாம், மகள் படித்துச் சொல்வாள். வரும் ஜூனோடு அவளுடைய கல்லூரி ஓட்டம் முடிகிறது. அதற்கு முன்னால் அனுப்பினால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டாவதாக ஓடுகிறவளின் அப்பா,
திருச்சிராப்பள்ளி